நாடக வரலாற்றைத் திருவிழா மேடையிலிருந்து படியுங்கள்

தொண்டிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தமிழ் இளங்கலை முடிக்கப் போகிறார், நாடகத்தின் வரலாற்றை முறையாகப் படிக்க ஆசை. “கிரேக்கத்திலிருந்து தொடங்குவதா, சிலப்பதிகாரத்திலிருந்தா? எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு வைக்கிற வள்ளி திருமணத்தைத் தவிர நான் வேறு நாடகம் பார்த்ததே இல்லை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?” என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் குறையாகச் சொன்னதுதான் உங்கள் கையிருப்பு. நாடகத்தைப் பாடமாகப் படித்தவர்களில் பலர் விடிய விடிய நடக்கிற ஒரு நாடகத்தை மணலில் பாய் விரித்து முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்த மேடையில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். ஏட்டைப் படித்துவிட்டு மேடைக்கு வருகிறவருக்கு நாடகம் கடைசிவரை அச்சடித்த வசனமாகவே நின்றுவிடும். மேடையைப் பார்த்துவிட்டு ஏட்டுக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு வரியிலும் கேள்வி வரும்: இங்கே யார் நின்றார், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, கடைசி வரிசைக்குக் காது கேட்டதா, செலவு யாருடையது?

முதலில் உங்கள் ஊரில் நடப்பது என்ன என்று பார்ப்போம். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கம் இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். இதில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (மற்றத் தாளக் கருவிகள்) என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுத்து வரவழைக்கிறார்கள். ஒருவர் மதுரையிலிருந்து வருவார், இன்னொருவர் புதுக்கோட்டையிலிருந்து வருவார். மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் அன்றைக்கு யாரோடு நடிக்கிறோம் என்பதே சிலருக்குத் தெரியும். ஒத்திகை கிடையாது, டைரக்டர் கிடையாது. ஆனாலும் இரவு பத்து மணிக்குத் தொடங்கியது விடிகாலைத் திருமணம்வரை தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

எப்படி முடிகிறது? கதையும் பாட்டும் வரிசையும் பாத்திரங்கள் வாதாடுகிற தர்க்கம் வருகிற இடங்களும் எல்லாருக்கும் பொதுச்சொத்தாக மனத்தில் இருப்பதால் முடிகிறது. அந்தப் பொதுச்சொத்தைப் பெரும்பாலும் கட்டிக்கொடுத்தவர் தூத்துக்குடிப் பக்கம் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று இன்றும் நம் பக்கத்து நோட்டீசில் அச்சாகிற பெயர்கள் பலவும் அவர் கைவண்ணம். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அவர் ஏற்படுத்தியபோது அதில் சேர்ந்த சிறுவர்கள்தான் பின்னாளில் நாடகக் கம்பெனி நடத்திப் பெயர்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள். ‘அபிமன்யு சுந்தரி’யை அவர் ஒரே இரவில் எழுதி முடித்ததாக அவரிடம் பயின்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படி எழுதியவர் படிப்பவரை நினைத்தா எழுதியிருப்பார்? மறுநாள் பாடம் ஏற வேண்டிய பையனின் தொண்டையையும் மூச்சையும் நினைத்து எழுதினார். அவர் பாடல்களை வாய்விட்டுப் பாடிப் பார்க்காமல் மதிப்பிடாதீர்கள்.

வள்ளி திருமணத்தின் ஒரே இரவில் எத்தனை காலம் அடுக்கியிருக்கிறது என்று பாருங்கள். தினைப்புனம் காக்கிற பெண், பரண், ஆலோலம் பாடிப் பறவை ஓட்டுவது எல்லாம் சங்கப் பாட்டின் குறிஞ்சித் திணையில் இருப்பவை. பின்னால் தொங்குகிற காட்டு சீன், தர்பார் சீன் எழுதிய படுதாக்களும் ஆர்மோனியப் பெட்டியும் 19-ஆம் நூற்றாண்டில் பார்சி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகப் போனபோது பரவியவை. பபூன் என்ற சொல் ஆங்கிலம், ஆனால் அவர் செய்கிற வேலை தெருக்கூத்தில் கதையை நடத்திச் சிரிக்கவும் வைக்கிற கட்டியங்காரனுக்குச் சொந்தம். ராஜபார்ட்டின் உச்சக் குரலுக்கும் காரணம் உண்டு. மைக் இல்லாத காலத்தில் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடினால்தான் கடைசி ஆள்வரை கேட்கும். பாடகர்-நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழே அந்தக் குரலில் நின்றது. பிறகு மைக் வந்தது, ஆனால் உச்சத்தில் பாடினால்தான் ராஜபார்ட் என்ற ருசி கேட்பவர் காதில் தங்கிவிட்டது.

என் சின்ன வயதில் தேவிபட்டினத்தில் நாடகம் வைத்தால் பபூன் காட்சி முடிந்ததும் நான் தூங்கிவிடுவேன். நாரதரும் வள்ளியும் தர்க்கம் தொடங்கும்போது அம்மா தட்டி எழுப்புவார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு எந்த நாரதர் எந்த வள்ளியிடம் எந்தக் கேள்வியில் சிக்கினார் என்பது வருடக்கணக்கில் நினைவிருந்தது. ஆண் பெரிதா பெண் பெரிதா, இல்லறமா துறவறமா என்று எழுதிவைக்காமல் அந்த இடத்திலேயே கேள்வியும் பதிலும் பிறக்கும். நான் மேடையைப் படிக்கத் தொடங்கியது அந்த மணலில்தான். இந்தத் தர்க்கங்களை யாரும் சரியாகப் பதிவு செய்யவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். நான் பழகிய பின்பாட்டுக்காரர் ஒருவர் நாற்பது வருட நாடகங்களைத் தேதி, ஊர், உடன் நடித்தவர், பாடிய பாட்டு என்று நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். அவர் காலமான பிறகு வீட்டைச் சுத்தம் செய்தபோது அவை பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. நான் ஒரு வாரம் தாமதமாகப் போனேன். உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நோட்டு இருந்தால் கையில் வாங்க வேண்டாம். அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்துவிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

சரி, இப்போது பின்னோக்கிப் போவோம். மாதவி ஆடிய அரங்கின் அளவைச் சொல்கிற, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். அதையே ஒரு கயிறும் நாலு குச்சியும் எடுத்துக்கொண்டு கடற்கரையில் படியுங்கள். இருபத்து நாலு விரல் ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். விரலளவை எப்படிக் கணக்கிட்டாலும் பத்தடிக்கும் பதினாறடிக்கும் இடைப்பட்ட மேடைதான் வரும். மணலில் கோடு போட்டு நடுவில் நின்றால் தெரியும், அது பெருங்கூட்டத்துக்கான மேடை அல்ல. ஆடுகிறவரின் கண்ணசைவு தெரிகிற தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கானது. தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை நிறுத்தினார்கள் என்று இளங்கோ சொல்வதைப் பெட்ரோமாக்ஸ் காலத்து மேடைக்காரர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், உடனே தலையாட்டுவார். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரை. ஒரு பக்கமிருந்து இழுப்பது ஒன்று, இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்வது ஒன்று, மேலிருந்து இறங்குவது ஒன்று. படுதா கட்டுகிறவருக்கு இதற்கு உரையே வேண்டாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையில் முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்று மறைந்துபோன நாடக நூல்களின் பெயர்கள் வருகின்றன. 1892-இல் உ.வே.சா. அந்த உரையோடு சிலப்பதிகாரத்தை அச்சிட்டபின் நம்மவர் எழுதிய நாடக வரலாறுகள் பல இந்தப் பெயர்களுக்காக அழுவதிலேயே முதல் ஐம்பது பக்கத்தைக் கழித்துவிடுகின்றன. இழப்பு உண்மைதான். ஆனால் கிடைக்காத நூலைப் பற்றி எவ்வளவு எழுத முடியும்? கிடைப்பதைப் பாருங்கள். உணர்ச்சி உடலில் தெரிவதைப் பேசுகிற தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கையில் இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்ற எட்டையும் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த நாடகத்துக்குப் போங்கள். எந்த நடிகர் எதை முகத்தில் காட்டினார், எதைப் பாட்டுக்கு விட்டுவிட்டார் என்று குறியுங்கள். இளிவரலை, அதாவது இழிவுபட்ட நிலையை, நன்றாகச் செய்கிறவர் பபூன்தான் என்பது என் அனுபவம்.

கல்வெட்டும் நாடக வரலாற்றுக்குச் சான்றுதான். தஞ்சைப் பெரிய கோயிலில் வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் என்ற வகைக் கூத்தாடி ஒருவனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் கொடுக்க 11-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசேந்திரன் காலத்தில் ஏற்பாடானது. நாடகம் கிடைக்கவில்லை, கூலிக்கணக்கு கிடைத்திருக்கிறது. உங்கள் ஊர்த் திருவிழாவின் வரவு செலவு நோட்டும் அந்த வகைதான். எந்த வருடம் தலைக்கட்டு வரி எவ்வளவு, நாடகத்துக்கு எவ்வளவு, மைக் செட்டுக்கு எவ்வளவு, எந்த வருடம் நாடகத்தை விட்டுவிட்டு ஆடல் பாடலுக்குக் கொடுத்தார்கள், ஏன்? ஊர்ப் பெரியவர்களிடம் மரியாதையாகக் கேட்டால் பார்க்கக் கொடுப்பார்கள். பத்து ஊர்க் கணக்கைச் சேர்த்தால் அதுவே நல்ல ஆய்வு.

அப்புறம், நம் கடற்கரைக்கே உரிய ஒரு பொக்கிஷம்: நொண்டி நாடகம். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பள்ளு, குறவஞ்சியோடு சேர்ந்து வளர்ந்த வகை. ஒரு திருடன், தாசி மேல் மோகம், பொருளுக்காகக் குதிரை திருடப்போய் மாட்டிக்கொண்டு காலை இழக்கிறான். பிறகு ஒரு வள்ளலோ தெய்வமோ கைகொடுக்க, கால் திரும்ப வளர்கிறது. இதையெல்லாம் அவனே ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு தன் கதையாகச் சொல்வான். ஒரே நடிகர், படுதா வேண்டாம், மாளிகை வேண்டாம். அந்தத் துள்ளல் நடைக்கு ஏற்ற சந்தம்தான் நொண்டிச் சிந்து. பின்னாளில் பாரதி ‘நெஞ்சு பொறுக்குதிலையே’ என்று பாடியது இந்தச் சிந்தில்தான்.

இந்த வகையில் திருச்செந்தூர் முருகன் பேரில் ஒன்று இருக்கிறது. அதே வார்ப்பில் கீழக்கரை வள்ளல் சீதக்காதி பேரிலும் ஒன்று இருக்கிறது. செத்தும் கொடை கொடுத்தான் சீதக்காதி என்று நாம் சொல்கிற அதே சீதக்காதிதான், கிழவன் சேதுபதி (1674–1710) காலத்தவர். இந்த நாடகத்தில் வருகிற நொண்டி வள்ளலின் உதவியால் மக்கா போய்க் கால் பெறுகிறான். கோயிலுக்கென்று உருவான கதைச் சட்டத்தை ஒரு கடற்கரை ஊர் எவ்வளவு இயல்பாகத் தன்னுடையதாக்கிக் கொண்டிருக்கிறது பாருங்கள்! கிறிஸ்தவர்களும் ஞான நொண்டி நாடகம் செய்தார்கள். அப்பாசு நாடகம், அலிபாதுஷா நாடகம் என்று முஸ்லிம் புலவர்களும் நாடகம் எழுதினார்கள். தமிழ் நாடக வரலாற்றை ஒரே மதத்தின் கதையாகச் சொல்கிற நூல் கையில் வந்தால் கீழக்கரையை நினைத்துக்கொண்டு படியுங்கள். உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால் நான் கையில் வைத்துக்கொடுப்பது இதைத்தான்.

நம் கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் புனித வாரத்தை ஒட்டி நடக்கும் பாஸ்கா என்ற இயேசுவின் பாடுகள் நாடகத்தையும் விட்டுவிடாதீர்கள். எதிர்க்கரையில், இலங்கையின் மன்னாரில் கத்தோலிக்க நாடகத்துக்கு வாசாப்பு என்று பெயர். மூவிராசாக்கள் வாசாப்பு அங்கே பெயர்பெற்றது. இந்தக் கரையையும் அந்தக் கரையையும் தனித்தனி வரலாறாகப் படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியபின் சென்னையில் ரயிலேறினால் கொழும்பில் இறங்கலாம் என்றானது. நடிகர்களுக்கும் பாடகர்களுக்கும் இலங்கை ஒரு பெரிய சந்தை. பாடகி-நடிகை கே.பி. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் முதன்முதலில் சேர்ந்து நடித்ததும் அங்கேதான், 1920-களில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது நாடகக்காரர் போன அந்த வழியும் அற்றுப்போனது.

ஈழத்தவரின் ஆய்வுகளை அதனால் முதல் வரிசையில் வையுங்கள். கா. சிவத்தம்பி பிர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1970-இல் முனைவர் பட்டம் பெற்றது பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றித்தான். எந்தச் சமூக நிலையில் எந்த ஆட்டம் நாடகமாகிறது என்று கேட்கும் முறையை நான் அவரிடம் கற்றேன். இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் 1960-களில் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி நகர மேடைக்குக் கொண்டுவந்தார். அவரிடம் பயின்ற மௌனகுரு மட்டக்களப்புக் கூத்துகளை ஆராய்ந்தார். அந்தக் கூத்துகளின் வடமோடி, தென்மோடி என்ற இரு ஆட்டமுறைகளை அவர்கள் விளக்குகிற விதத்தைப் பார்த்தால், நம் பக்கத்து ஆட்டங்களை நாம் எவ்வளவு கவனக்குறைவாக வைத்திருக்கிறோம் என்று புரியும்.

நகரத்து நாடகத்தின் கதை எல்லாப் புத்தகத்திலும் கிடைக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். பெல்லாரியிலிருந்து வந்த தெலுங்குக் குழுவின் நாடகத்தைப் பார்த்த உந்துதலில் பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள் மேடையேறுவது கௌரவக்குறைவு இல்லை என்றாக்கியவர் அவர். அதே 1891-இல் மனோன்மணீயம் வந்தது. அது படிப்பதற்கான நாடகம், அரிய நூல், ஆனால் மேடையின் வரலாற்றைத் தேடுகிறவர் அங்கே அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. பரிதிமாற் கலைஞரின் நாடக இலக்கண நூலான நாடகவியல் 1897. பிறகு சிறுவர்களை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனிகள், 1931-இல் பேசும் படம், கம்பெனிகளின் சரிவு. 1970-களின் கடைசியில் நவீன நாடகக் குழுக்கள்: கூத்துப்பட்டறை, பரீக்ஷா, மதுரையில் நிஜ நாடக இயக்கம்.

ஆனால் சட்டத்தின் கதையை மெதுவாகப் படியுங்கள். அரசு எதற்குப் பயந்தது என்று பார்த்தால் மேடையின் வலு தெரியும். 1876-இல் வெள்ளைக்கார அரசு நாடகத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதையும் மீறி நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் போன்றவர்கள் வள்ளி திருமணத்தில் பறவை விரட்டும் இடத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாட, கூட்டத்துக்கு அது யார் என்று புரிந்தது. அவர் பலமுறை சிறை போனார். 1940-இன் கடைசி நாளில் சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் விட்டார். சுதந்திரத்துக்குப் பிறகும் 1954-இல் சென்னை மாகாணம் இதே நோக்கில் ஒரு சட்டம் போட்டது. அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல்தான் செல்லாது என்றது. நாடகம் போடப் போலீசிடம் அனுமதிக் கடிதம் எழுதிய ஊர்ப் பெரியவர் யாராவது உங்கள் பக்கம் இருப்பார், கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு கிரேக்கத்துக்குப் போங்கள். அப்போது அது அயலாகத் தெரியாது. ஏதென்சில் நாடகம் டயோனிசஸ் தெய்வத்தின் திருவிழாவில், திறந்தவெளியில் நடந்தது. பாட்டுக் குழுவின் செலவைப் பணக்காரர் ஒருவர் ஏற்றுக்கொண்டார், பெண் வேடத்தை ஆண்களே போட்டார்கள். ஷேக்ஸ்பியரின் லண்டனிலும் பெண் பாத்திரம் பையன்களுக்குத்தான். 1660-க்குப் பிறகே அங்கே பெண்கள் தொழில்முறை மேடைக்கு வந்தார்கள். இதைப் படிக்கும்போது நம் பாய்ஸ் கம்பெனிப் பையன்களையும், கும்பகோணத்தில் பெண்களை மட்டும் வைத்துக் கம்பெனி நடத்திய பாலாமணி அம்மாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பக்கத்து மாநிலமான கேரளத்தில் கூடியாட்டம் இருக்கிறது. வடமொழி நாடகம் மேடையில் எப்படி மூச்சு விட்டது என்பதைக் காட்டுகிற உயிருள்ள சான்று அது. ஒருமுறையாவது நேரில் பார்த்துவிடுங்கள்.

படிப்புக்கு: தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் படிக்கலாம், அங்கே நாடகப் பள்ளி தொடங்கியபோது அதற்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரைத்தான் வைத்தார்கள். நடிப்பும் இயக்கமும் வேண்டுமென்றால் டெல்லி தேசிய நாடகப் பள்ளி. உங்கள் மனம் ஊர் மேடையில் நிற்பதால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் பக்கமும் விசாரியுங்கள். களத்தில் எப்படிக் கேட்பது, எப்படிப் பதிவது என்பதை அங்கே நன்றாகக் கற்கலாம்.

ஆவணத்துக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் தனி மனிதர் ஒருவர் சேர்த்த புத்தகங்கள், பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீசுகளில் பிறந்தது அது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நாடக நூல்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: 1930-களின் நோட்டீசில் ‘இராமநாதபுரம் ஜில்லா’ என்று இருந்தால் நம் கடற்கரை என்று நினைத்துவிடாதீர்கள். 1985-இல் பிரிப்பதற்கு முன் காரைக்குடியும் சிவகாசியும் அதே ஜில்லாதான். ஊர்ப் பெயரைத் தேடிப் பிடித்தபிறகே குறிப்பெழுதுங்கள்.

கலைஞர்களிடம் பேசும்போது வேடம் போடுகிற நேரத்தில் தொந்தரவு செய்ய வேண்டாம். விடிந்து, அரிதாரம் கலைத்து, டீக்கடையில் முதல் பஸ்ஸுக்கு நிற்பார்களே, அப்போது போங்கள். நடிக்கிற பெண்களிடம் குடும்பக் கதையைத் துருவாமல் தொழிலைக் கேளுங்கள்: முதல் பாட்டு யார் சொல்லிக்கொடுத்தது, எந்த வள்ளியைப் பார்த்து வள்ளி கற்றீர்கள்? ஊரெல்லாம் தங்களை வேறு மாதிரிப் பேசக் கேட்டுப் பழகிய அவர்களுக்கு, வித்தையைப் பற்றி ஒருவர் கேட்பதே பெரிய ஆறுதல்.

அடுத்த திருவிழாவுக்கு மேடைக்கு எதிரே உட்கார வேண்டாம். ஆர்மோனியக்காரர் பக்கமாக, அவர் கையும் ராஜபார்ட்டின் முகமும் ஒன்றாகத் தெரிகிற இடம் பார்த்துப் பாயைப் போடுங்கள். பாட்டு எடுப்பதற்கு முன் இருவரும் ஒருவரையொருவர் ஒரு பார்வை பார்ப்பார்கள். ஒத்திகை இல்லாத நாடகம் எப்படி நடக்கிறது என்பது அந்தப் பார்வையில் தெரியும். அதையே உங்கள் நோட்டின் முதல் குறிப்பாக எழுதுங்கள், தேதியும் ஊரும் போட்டு.